மூணு பூட்டுப் போட்ட நம்பிக்கை

எல்லாருக்கும் சலாம். சொகமா இருக்கியளா? மூட்டுவலி, சுகரெல்லாம் கட்டுக்குள்ள இருக்கா? அங்கன மழை பேஞ்சுச்சா? இங்கன புதுமடத்துல உப்புக்காத்துதான் வீசுது. மத்தபடி நான் நல்லாத்தான் இருக்கேன்.

இந்த உலகத்துலயே நம்பிக்கைங்கிற பொருளை முதமுதலா இரும்புப் பெட்டியில வச்சு, மூணு பூட்டுப் போட்டுப் பாதுகாத்த பெருமை எங்க கிணத்தடித் தெருவுக்குத்தான் சேரும். வேற எந்த ஊர்க்காரவுகளாச்சும் உரிமை கொண்டாடுனா நம்பிறாதிய.

எங்க தெருவுல பாதி வீடு பூட்டித்தான் கெடக்கும். ஆளுக எல்லாம் துபாய், கத்தார்னு இருக்காக. கெளம்பும்போது வீட்டுச் சாவியை என் கையில வச்சு, "மாமி, அமானிதம்"னு ஒரு வார்த்தை சொல்லுவாக. நம்பிக் குடுக்குறோம், அப்படியே திருப்பிக் குடுங்கன்னு அர்த்தம். அம்புட்டுத்தான் ஒப்பந்தம். என் அடுப்படிச் செவுத்துல பதினேழு ஆணி, பதினேழு சாவி. வாரம் ஒரு நாளு தொறந்து கூட்டி, மோட்டாரைப் போட்டு, பூட்டுக்குத் தேங்கா எண்ணெய் விட்டுட்டு வருவேன். முப்பது வருசத்துல ஒரு கரண்டி காணாமப் போனதில்லை.

இந்தப் பயங்கரமான நெலமையைக் கண்டுபுடிச்ச புண்ணியவான் முஹைதீன் தம்பி. கத்தார்ல பெரிய ஆபீஸ்ல மேனேஜரா இருந்துட்டு ஊரோட வந்தவரு. சங்கக் கட்டடத்துல கூட்டம் போட்டாரு.

"முப்பது வருசமா ஒரு திருட்டுகூட நடக்கலை. இதுவே சந்தேகத்துக்குரிய விசயம் இல்லையா?"

எல்லாரும் யோசிச்சாக. நானும் யோசிச்சேன். இத்தனை வருசத்துல என்னைய நானே ஒரு தடவைகூடச் சந்தேகப்படலையேன்னு வெக்கமாப் போச்சு.

"ஒரு ஆளை நம்புறது பழைய காலம். இனிமே நம்ம 'சிஸ்டத்தை' நம்பணும்"னாரு. எல்லாரும் கைதட்டுனாக. நானும் தட்டுனேன். ஏசி ஆபீஸ்ல இருந்தவரு சொன்னா சரியாத்தானே இருக்கும்?

சாவியெல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில வச்சுக் காக்குறதுக்கு ஒரு குழு போட்டாக. அதுக்குப் பேரு வைக்கிறதுலதான் ரெண்டு மணி நேரம் ஓடிருச்சு. பேரு எடுத்துக் குடுத்தவரு ரிட்டயரான தமிழ் வாத்தியாரு பூமிநாதன். ஒவ்வொண்ணையும் வேணாம்னு தள்ளுனவன் பூட்டுக்கடை வேல்ராஜு. பெட்டியும் பூட்டும் அவன் கடை சரக்குதான்.

"நம்பிக்கைக் குழு?"

"மழை வரும்னுகூடத்தான் நம்புறோம் சார். வருதா?"

"விசுவாசம்?"

"அது நாய்க்குச் சொல்றது."

"நம்பகம்?"

"'நம்பகமான வட்டாரங்கள்'னு பேப்பர்ல போடுவான். அதுக்குக் கீழ பூராம் பொய்யா இருக்கும்."

"உத்தரவாதம்?"

"மிக்சிக்குக் குடுப்பாய்ங்க. ஒரு வருசம்."

"தேற்றம்னு ஒரு பழைய சொல் இருக்கு. தெளிஞ்சு நம்புறதுன்னு பொருள்."

"அய்யோ சார், அது கணக்குல வரும். நான் அதுலதான் பெயிலு."

"அமானிதம்னு வைங்களேன்"னு நான் சொன்னேன். முஹைதீன் தம்பி பாவமாப் பாத்தாரு. "மாமி, அதுக்கு ரசீது கெடையாதே."

கடைசியில ஒரு பேரு முடிவாகலை. அதனால ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு பேரு. முஹைதீன் சாவிக்கு 'நம்பிக்கை', வாத்தியார் சாவிக்கு 'விசுவாசம்', வேல்ராஜு சாவிக்கு 'உத்தரவாதம்'. மூணு சாவியும் சேந்து வந்தாத்தான் பெட்டி தொறக்கும். என் ஆணியில இருந்த பதினேழு சாவியையும் எண்ணி வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டாக. செவுரு மொட்டையா நின்னுச்சு.

மூணாம் நாளு மத்தியானம், லுகர் பாங்கு முடிஞ்ச நேரம். முஹைதீன் தம்பி என் வீட்டுக் கொல்லை வழியா வந்தாரு.

"மாமி, வாத்தியாரு மறதிக்காரரு. வேல்ராஜு கள்ளச்சாவி அடிக்கத் தெரிஞ்ச பய. அவனுகளை நம்ப முடியுமா? என் வீட்டுலயும் ஆளு வாரதும் போறதுமா இருக்கு. இந்த 'நம்பிக்கை' உங்ககிட்ட இருக்கட்டும். அவனுக காதுக்குப் போகக் கூடாது. அமானிதம்."

வாங்கி ஆணியில மாட்டுனேன். அந்த வாரத்துல இப்படி எத்தனை அமானிதம் வந்துச்சுன்னு கேக்காதிய. சொன்னா அது அமானிதமா?

அஞ்சு மாசம் சிஸ்டம் சிறப்பா நடந்துச்சு. யாரும் எந்த வீட்டையும் தொறக்கலை.

போன மாசம் ஒரு வியாழக்கெழமை காலையில பத்து மணிக்கு துபாய்ல இருந்து நஃபீசா வந்து எறங்குனா. மக சஃபாவுக்கு ஞாயித்துக்கெழமை நிக்காஹ். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டாளுக சீரோட வாராக. காரை விட்டு எறங்குன கையோட, "மாமி, சாவி!"ன்னு கையை நீட்டுனா.

"பெட்டியில இருக்கு தாயி."

"எந்தப் பெட்டியில?"

குழு ஓடி வந்துச்சு. "கவலையே படாதீங்க தங்கச்சி, சிஸ்டம் இருக்கு"ன்னாரு குழுத் தலைவரு முஹைதீன் தம்பி.

"அப்பத் தொறங்க காக்கா"ன்னு அண்ணன் மொறை வச்சுச் சொன்னா.

"மூணு சாவியும் சேரணும். என் சாவி வீட்டுல பத்திரமா இருக்கு. வாத்தியாரே, உங்களது?"

"உயிரைப் போல வச்சிருக்கேன். வேல்ராஜு?"

"என் சாவியைப் பத்தி யாருய்யா கேக்குறது? அம்புட்டு அவசரம்னா வீட்டுக் கதவுல டிரில்லைப் போட்டுருவோம்."

"ஏலே, எங்க மாமியார் போட்ட தேக்குக் கதவுலே!"ன்னு நஃபீசா கத்திட்டா. "ஒடைச்ச கதவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டா சம்மந்தி வீட்டாளுகளை வாங்கன்னு கூப்புடுவேன்? வாரவுக என்ன நெனைப்பாக?"

சஃபா சூட்கேசு மேல உக்காந்திருந்தா. "உம்மா, நான் இங்கனயே இருந்து எல்லாருக்கும் சலாம் சொல்லிர்றேன்"னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைச்சா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கத முடிஞ்சுரும். ஆனா வாக்குக் குடுத்துட்டேனே!

"பேசிக்கிட்டே நின்னா எப்புடி? போயி ஆளுக்கொரு சாவியை எடுத்துட்டு வாங்கப்பா"ன்னேன்.

மூணு பேரும் மூணு தெசையில ஓடுனாக. நான் விறுவிறுன்னு வீட்டுக்குப் போயி கொல்லைக் கதவைத் தொறந்து வச்சுட்டு நின்னேன்.

முதல்ல முஹைதீன் தம்பி. "மாமி, சீக்கிரம், நம்பிக்கையைக் குடுங்க!"

நான் ஆணிக்குக் கையை நீட்டுறேன், கொல்லைச் செவுரேறித் தொப்புன்னு குதிச்சான் வேல்ராஜு. "அம்மா, என் உத்தரவாதம்!" தலைவரைப் பாத்ததும் அப்புடியே நின்னுட்டான்.

தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வாத்தியாரு மூச்சு வாங்க வந்தாரு. "அக்கா, என் விசுவாசத்தை உங்ககிட்டதானே குடுத்தேன்? இல்லை வேற எங்கயும் வச்சிட்டேனா?"

மூணு பேரும் தனித்தனியா வந்து குடுத்த சாவிதான். மத்த ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் வாக்கு வாங்கியிருந்தாக. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. ஒரே ஆணியில மூணும் தொங்குச்சு. அவுக செவுத்தைப் பாத்தாக, அப்புறம் தரையைப் பாத்தாக.

"மணி பத்தே முக்கா"ன்னேன்.

பெட்டி தொறந்துச்சு. வீட்டுப் பூட்டு உப்புக்காத்துல எறுகிக் கெடந்துச்சு, எண்ணெய் விட்டு ஆட்டித் தொறந்தேன். மாப்பிள்ளை வீட்டுக் காரு தெருவுல திரும்பும்போது சஃபா உள்ள ஃபேனுக்கடியில உக்காந்துட்டா. நிக்காஹும் நல்லபடியா முடிஞ்சுச்சு.

மறுவாரம் குழு கூடுச்சு. 'மூன்றடுக்குப் பாதுகாப்பு முறை சோதனைக் காலத்தில் முழு வெற்றி பெற்றது' என்று தீர்மானம். மூணு பேருக்கும் மூணு சால்வை. இன்னும் பாதுகாப்பா இருக்க நாலாவதா ஒரு பூட்டு, பேரு 'தேற்றம்'. அந்தச் சாவியை யார் வச்சிக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப யாரோ என் பேரைச் சொல்லியிருக்காக.

"அது எப்புடி? ஒரு ஆளை நம்பிக் குடுக்க முடியுமா?"ன்னு மூணு பேரும் ஒரே கொரல்ல மறுத்துட்டாகளாம்.

சால்வை போத்துன கையோட ஒவ்வொருத்தரா கொல்லை வழியா வந்து, சாவியை மறுபடி ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாக. நாலாவது சாவிக்கும் அதே ஆணியில எடம் விட்டு வச்சிருக்கேன்.

உங்க தெருவுல இப்படி யாரும், கூட்டத்துல நம்பாம கொல்லையில நம்புறாகளா? இருந்தா எனக்கு எழுதுங்க. பேரு போட வேணாம். நான் சொன்னதையும் வெளியில சொல்லிறாதிய. அமானிதம்.