புகாரற்ற சமையலறையின் முதலாம் ஆண்டறிக்கை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நெருப்பின் மேல் வைக்கிற பாத்திரத்துக்கு ஒரு பதிவேடு போட வேண்டும் என்று பல்லாயிரம் ஆண்டுகளாக யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்த பெருமை, நான்காவது மாடியில், மூன்று அறையும் ஒரு குறுகலான சமையலறையும் கொண்ட ஒரு வீட்டுக்கே சேரும். வரலாறு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டால் அது அவர்கள் பாடு.

அந்த வீட்டுக்காரர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அலுவலகத்தில் அவரைப் ‘பூஜ்யம்’ என்று கூப்பிடுவார்கள். வசவு அல்ல, பட்டம். புகார்களைப் பூஜ்யமாக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் வகுத்த முறை எளிமையானது. லிஃப்ட் சரியில்லை என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், ரிப்பேர் முடிந்ததும் அவரையே உள்ளே ஏற்றி, மேலும் கீழுமாக மூன்று முறை ‘சோதனை ஓட்டம்’ விடுவார். மூன்றாவது ஓட்டம் முடிந்து ‘திருப்தி’ என்று கையெழுத்துப் போடும்வரை ஆளை வெளியே விட மாட்டார். ஒரு தரம் அனுபவித்தவர்கள் மறு தரம் புகார் எழுதியதாகச் சரித்திரம் இல்லை. எல்லோரும் மாடிப்படி ஏறப் பழகினார்கள். சிலருக்குத் தொப்பைகூடக் குறைந்தது. புகார் குறைந்ததற்காகக் கம்பெனி அவருக்குக் கேடயம் கொடுத்தது.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் பொறுப்பாளர் பதவி கிடைத்தது. பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியையும் அடுப்பையும் ஒரே நாளில் சமாளித்து வந்தவர், இனி வீடு திரும்ப எட்டு மணி ஆகும் என்றார். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சூப்பர்வைசர் எழுந்து நின்று, “நான் இருக்கேன்” என்றார். அதன் விபரீதம் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இன்றோடு அதற்கு ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடியது. நிகழ்ச்சி நிரல் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது: வரவேற்பு, ஆண்டறிக்கை, எதிர்காலத் திட்டம், சிற்றுண்டி. வந்திருந்தவர்கள் மூன்று பேர். மனைவி, கல்லூரி முதலாண்டு படிக்கும் மகள், மனைவியின் தம்பி. இந்த மச்சினன் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவர். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை தங்கிக்கொள்கிறேன் என்று வந்தவர். வந்து மூன்று வருடம் ஆகிறது. நாள் முழுக்க ஊரார் முகத்தைப் பார்த்து “சிரிக்காதீங்க” என்று சொல்லிச் சொல்லி, அவருக்கே சிரிப்பை அடக்கும் வித்தை கைவந்திருந்தது. அன்று அது மிகவும் உதவியது.

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிக்கையைப் படித்தார்.

“முதல் மாதம். முப்பத்தோரு நாள், இருபத்தாறு புகார். இதுல ‘கருகல்’ பதினொண்ணு.”

“பதினாலுப்பா” என்றாள் மகள்.

“மூணு நாள் நீங்க விளக்கை அணைச்சுட்டுச் சாப்பிட்டீங்க. நிறம் நிரூபிக்கப்படல.”

அறிக்கையில் ‘கருகல்’ என்ற சொல் அந்த ஓர் இடத்தில்தான் வந்தது. அவர் தொழிலில் லிஃப்ட் கெட்டுப்போச்சு என்று சொல்வது மகா பாவம். ‘தற்காலிகச் சேவைத் தடை’ என்றுதான் சொல்ல வேண்டும். எனவே வேகாத உருளைக்கிழங்கு ‘பணி நிறைவுக்கு முன் ஒப்படைக்கப்பட்டது’. பாத்திரத்தின் அடியோடு ஒட்டிக்கொண்ட முட்டை ‘இட மாறுதலை ஏற்க மறுத்தது’. புகைக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்த சம்பவம் ‘அண்டை வீட்டாருடன் நல்லுறவு’ என்ற தலைப்பின் கீழ் வந்தது.

“இரண்டாம் மாதம்தான் திருப்புமுனை” என்று குரலை உயர்த்தினார். “அந்த மாதம் முறைப்படி புகார்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. முதல் புகார் நம்ம பொண்ணு குடுத்தது. முட்டைக்கோஸ் சூப்புல சோப்பு வாசனை.”

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. புகார் எழுதிய மறுநாள் மேஜைக்கு வந்தால் அதே முட்டைக்கோஸ் சூப். எதிரில் அப்பா, கையில் பேனா. ‘சோதனை ஓட்டம் ஒன்று.’ அதற்கு மறுநாள் ‘ஓட்டம் இரண்டு.’ மூன்றாம் நாள் அவள் கரண்டியைத் தொடுவதற்கு முன்பே பேனாவை வாங்கி, ‘திருப்தி, திருப்தி, திருப்தி’ என்று மூன்று முறை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஐந்தாம் மாதம் பீன்ஸ் வேகவில்லை என்று எழுதிய மச்சினனுக்கும் அதே கதிதான். மூன்று நாள் பீன்ஸ் மென்றதில் தாடை வீங்கி, வாடிக்கையாளர்களிடம் “நேரா பாருங்க” என்று சொல்லக்கூட முடியாமல் கையால் ஜாடை காட்டினார்.

அதற்குப் பிறகு யாரும் பதிவேட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. என்ன வைத்தாலும் “நல்லாருக்கு” என்றார்கள். மகளுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து சிநேகிதி வீட்டில் ‘சேர்ந்து படிக்கிற’ வேலை வந்தது. மச்சினன் ‘உடம்பைக் குறைக்கிறேன்’ என்று பட்டினி கிடக்கத் தொடங்கி ஆறு கிலோ கூடினார். மனைவிக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் கணக்கில்லாத சிநேகிதம் ஏற்பட்டது. பால்கனியில் இருந்த செடி ஒன்றுதான் தினமும் சூப் குடித்தது. அது ஒரு புகாரும் எழுதாமல் பத்தாம் மாதம் செத்துப்போனது.

“கடைசி ஏழு மாதம்” என்று சூப்பர்வைசர் தாளைக் கீழே வைத்து நிமிர்ந்தார். “பூஜ்யம். ஒரு புகார்கூட இல்ல. லிஃப்ட்டுலகூட எனக்கு இந்த ரெக்கார்டு கிடையாது!”

மூவரும் கை தட்டினார்கள். மச்சினன் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

“ஒரே ஒரு கரும்புள்ளி உண்டு. அதையும் மறைக்க விரும்பல. எட்டாம் மாதம், உருளைக்கிழங்கு வறுவல். ஆபீஸ்லேர்ந்து போன் வந்து நான் கிளற மறந்துட்டேன். ஓரமெல்லாம் முறுகிப்போச்சு. செயல்முறை மீறல். அன்னிக்கு வாணலியே காலியாயிடுச்சு, ஏன்னு இன்னமும் புரியல. விசாரணை நடக்குது.”

“அப்பா, அது...” என்று ஆரம்பித்த மகள், அம்மா காலை மிதித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

இதோடு நின்றிருந்தால் நாமும் நாலு வரி பாராட்டி எழுதி முடித்திருப்போம். ஆனால் நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது இனம் பாக்கி இருந்தது. சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்து நீளமான கவர் ஒன்றை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தார்.

“ராஜினாமாக் கடிதம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குடுக்கப் போறேன்.”



“எதுக்குங்க?” என்றார் மனைவி.

“சாப்பாட்டுக் கடை. கம்பெனிக்கு எதிர்லயே இடம் பார்த்துட்டேன். போர்டுல என்ன எழுதணும்னுகூட முடிவு பண்ணியாச்சு: ‘ஏழு மாதம், பூஜ்யம் புகார்.’ லிஃப்ட்டப் பார்த்து ஜனங்க என்னிக்காவது சந்தோஷப்பட்டிருக்காங்களா? நின்னுபோனாத்தான் நம்ம ஞாபகமே வரும். ஆனா நீங்க மூணு பேரும் தினம் சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லும்போது...” அவர் கவரை நேராக்கி வைத்தார். “இருபத்திரண்டு வருஷத்துல யாரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அலுவலகத் தோரணை ஒன்றுமே இல்லை. பரிசு வாங்கப் போகும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. மனைவி அந்த முகத்தையும் கவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனுஷன் நாளைக்குப் பத்து மணிக்கு உத்தியோகத்தைத் தூக்கி எறியப் போகிறார். அதுவும் தாங்கள் மூன்று பேரும் பயந்துகொண்டு சொன்ன ஒரு பொய்யை நம்பி.

மச்சினன் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். “அத்தான், கடைல சாப்பிட வர்றவன் குறை சொன்னா?”

“பதிவேட்டுல எழுதட்டும். மூணு நாள் சோதனை ஓட்டம்.”

“மூணு நாளும் அவன் வரணுமா?”

“வரலைன்னா வீட்டுக்கே கொண்டு போய்க் குடுப்பேன்.”

மச்சினன் அக்காவைப் பார்த்தார். அக்கா மகளைப் பார்த்தார். மகள் கவரைப் பார்த்தாள்.

“என்னங்க, அந்தப் பதிவேட்டக் குடுங்க” என்றார் மனைவி.

“பாராட்டு எழுதணும்னா கடைசிப் பக்கம். அதுக்குத் தனியாக் கட்டம் போட்டிருக்கேன்.”

“புகார்ப் பக்கம்.”

அவர் பேனாவை ஒரு தரம் மூடித் திறந்தார். பிறகு விதி விதிதானே என்று பதிவேட்டைத் தள்ளினார். மனைவி எழுதினார். எழுதி முடித்துத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி எழுதிவிட்டுக் கூடுதல் தாள் உண்டா என்று கேட்டார். மகள் கையெழுத்தைப் பொடியாக்கிக்கொண்டு ஓரத்திலும் எழுதினாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. பரீட்சை அறையில்கூட அப்படி ஓர் அமைதி இருக்காது.

புகாரை வாய்விட்டுப் படிப்பது கம்பெனி வழக்கம். சூப்பர்வைசர் வழக்கத்தை மீறவில்லை.

“‘பூசணிக்காய் சூப்பில் உப்பு இல்லை என்பது முதல் புகார். மறுநாள் இருந்தது என்பது இரண்டாவது புகார்.’ இது உன்னோடதா?”

“ஆமாங்க.”

“‘வறுத்த மீன் எது, தட்டு எது என்று அடையாளம் காட்ட ஏற்பாடு செய்யவும்.’”

“என்னோடதுப்பா.”

“‘அத்தான் செய்த ரொட்டியால் ஸ்டூடியோவில் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதமாகத் தேயவில்லை.’”

மச்சினன் சிரிப்பை அடக்கும் வித்தையை முழுப் பலத்தோடு பிரயோகித்தார்.

நான்கு பக்கம் படித்தார். குரல் வரவரச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கடைசி வரி மகளுடையது. ‘உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் ரொம்ப ரொம்ப நன்றாக இருந்தது. வாணலியை வழித்தது நான்தான். விசாரணையை முடித்துக்கொள்ளலாம்.’ அதைப் படித்ததும் சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சினார். ராஜினாமாக் கவரை எடுத்து நாலாகக் கிழித்து, உருளைக்கிழங்குத் தோல் கிடந்த கூடையில் போட்டார். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது.

ஆனால் கூட்டம் முடிந்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்காராமல் மேஜையைத் தட்டினார்.

“இது நியாயமா? ஏழு மாசம்! தினம் தினம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு! என் வேலையே போயிருக்கும். ஒரு மனுஷன் அடுப்புல வெந்து, வேர்த்து விறுவிறுத்துக் கொண்டு வந்து வெச்சா, அவன்கிட்ட வாய் கூசாம எப்படிப் பொய் சொல்ல மனசு வருது?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மச்சினன் மேஜை விரிப்பின் நூலைப் பிரித்தார். குற்றவாளிகள் குற்றத்தை ஒப்புக்கொண்ட காட்சி அது. சூப்பர்வைசருக்கு அதில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது.

மனைவி மட்டும் தலை குனியவில்லை. மேஜையில் சிந்தியிருந்த மையை ஈரத்துணியால் துடைத்தார்.

“தப்புதாங்க. நல்லாருக்குன்னு சொன்னா நம்பத்தான் தோணும். நானும் நம்பினேனே.”

“நீ எதை நம்பின?”

“பத்தொன்பது வருஷம் ஒரு நாள் விடாம எனக்கும் நல்லாருக்குன்னு சொன்னீங்களே.”

“அடடா!” சூப்பர்வைசர் பதறிப்போனார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அதையும் இதையும் ஒண்ணாச் சேர்க்கிறியே! இதோ, பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன், உன் சமையலப் பத்தி நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல.”

“பொய்னு நான் எங்கங்க சொன்னேன்?” என்று மனைவி துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். “சில நாள், நான் தட்டுல போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுவீங்க. அதத்தான் சொல்றேன்.”