யு.கே.ஜி. சுவரில் என் படம்

சிங்காநல்லூர்

அன்புள்ள அக்கா மகள் டெய்சி டீச்சருக்கு, தாய்மாமன் வின்ஸ்டன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நம்ப வேண்டியதில்லை. போனில் சொன்னால் நீ சிரித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

தெரியாத ஆள் கூப்பிட்டால் போகக்கூடாது என்று உன் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதாகவும், அது மண்டையில் ஏறியதா என்று பார்க்க ஒரு தெரியாத ஆள் வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டு நீயாகத்தான் என் வீட்டுக்கு வந்தாய். "மாமா, உங்க மூஞ்சிதான் இதுக்குப் பொருத்தமுங்க. பார்த்தாலே புள்ளைக பயந்துக்கும்" என்றாய். உன் அத்தை ஸ்டெல்லா இறந்துபோனதிலிருந்து என் முகம் இப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று ஒப்புக்கொண்டேன். தேன்மிட்டாய்ப் பொட்டலத்தோடு பள்ளி கேட் ஓரம் நின்று, "கண்ணு, அம்மா கூட்டியாரச் சொன்னாங்க, வாரீங்களா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். ஒரு பிள்ளை வந்திருந்தால் பரவாயில்லை, மொத்த வகுப்பும் வந்துவிட்டது. ஒருத்தி என் குடையை வாங்கிக்கொண்டாள். ஒருத்தன் அவர்கள் வீட்டுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னான். இன்னொருத்தி, "எல்.கே.ஜி.ல எங்க தங்கச்சி இருக்குதுங்க, அதையும் கூட்டியாரட்டுங்களா?" என்றாள். பேக்கரி வரைக்கும் போய்விட்டோம். நீ பின்னாலேயே ஓடிவந்து அழுதாய். எனக்கோ, உள்ளதைச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக இருந்தது. என்னோடு யாரும் சேர்ந்து நடந்து வெகுகாலமாயிற்று.

அதோடு நீ விட்டிருக்கலாம். என்னை வகுப்பில் நிறுத்தி, "வேண்டாம், வரமாட்டேன்" என்று பிள்ளைகளைக் கத்தவைத்து, கத்திவிட்டு ஓடவும் வைத்தாய். நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். பிறகு என் போட்டோவைப் பெரிதாக்கி, "இவர் ஸ்ட்ரேஞ்சர், இவர் கூப்பிட்டால் போகக்கூடாது" என்று எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினாய். போதாதென்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாய். அது நாடகத்துக்கு வந்த எங்கள் மாமா என்று நீ பின்னால் அனுப்பிய விளக்கத்தை ஒருத்தரும் படிக்கவில்லை. படத்தை மட்டும் ஊருக்கெல்லாம் ஃபார்வர்ட் பண்ணிப்போட்டார்கள்.

என்னத்தைச் சொல்ல. கீழ்வீட்டு ஹரிதா லிஃப்டில் என்னைப் பார்த்தால் இறங்கிக்கொள்கிறாள், அவள் இறங்க வேண்டாமே என்று நான் முட்டி வலியோடு படியேறுகிறேன், படியில் அவள் அம்மா எதிரே வந்தால் அவர் திரும்பிப் போகிறார், சர்ச்சில் பூசை நடுவே பக்கத்திலிருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லக் கை கூப்பித் திரும்பினால் அங்கிருக்கும் பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறது. பஸ் ஸ்டாப்பில் ஒரு வாலிபர் வந்து, "ஏனுங்க பெரியவரே, யாருக்காக நிக்கறீங்க?" என்றார். "பஸ்ஸுக்குத்தானுங்க" என்றேன். "எந்த பஸ்ஸுங்க?" என்றார். அவர் பார்த்த பார்வையில் எந்த பஸ் என்று எனக்கே மறந்துபோயிற்று, நடந்தே வீடு வந்துவிட்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பி, "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தை நம்ம பாட்டுக்குழு ஸ்டீவ் தம்பி போடட்டுமுங்க" என்றார். வருஷா வருஷம் நான் போடும் வேஷம், அம்மணி. தாடிக்குள் இருப்பது நான் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. மடியில் வந்து உட்காரும், மூக்கைப் பிடித்து இழுக்கும். உன் அத்தை தைத்துக்கொடுத்த சிவப்பு அங்கி அது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஆகையால் டிசம்பர் பிறப்பதற்குள் என் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, இவர் நல்ல மனுஷன், இவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாராக.

முகத்தைத் தவிர வேறு குற்றம் இல்லாத,
மாமன் வின்ஸ்டன்.

பி.கு.: தபாலில் போடப் போய், போடாமல் திரும்பிவந்து உறையைப் பிரித்து எழுதுகிறேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் உன் வகுப்புச் சமீரா தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டாள் போல. கண்டக்டர், பூக்காரம்மா என்று ஆளாளுக்கு, "கண்ணு, யாரூட்டுப் புள்ள நீ?" என்று குனிந்து கேட்க, அத்தனை பேரையும் பார்த்து, "வேண்டாம், வரமாட்டேன்" என்று கத்தினாள். பாடம் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது. நான் பயந்து பின்னால் நகர்ந்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள். ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத் தெரியுமா கண்ணு?"

"தெரியுமே. எங்க கிளாஸ் செவுத்துல இருக்கீங்கல்ல. ஸ்ட்ரேஞ்சர் தாத்தா."

நேரக்காப்பாளர் அறைக்குக் கூட்டிப்போய் மைக்கில் சொல்லவைத்தேன். ஓடிவந்த தாய் என்னைப் பார்த்ததும் அலறப் போனார். பிள்ளை என் விரலை விடாததைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது, டெய்சி. நான் எந்த பஸ்ஸில் ஏற்றியிருந்தாலும் அவள் ஏறியிருப்பாள். தினமும் பார்க்கிற முகம், அது போதும் அவளுக்கு. தெரிந்த முகமே கூப்பிட்டாலும் வீட்டில் சொல்லாமல் போகக்கூடாது என்பதை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க நான்தான் வேண்டும்.

படம் அங்கேயே இருக்கட்டும். அங்கியை ஸ்டீவிடம் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை மிட்டாயோடு பள்ளி கேட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு பிள்ளைகூட என்னோடு வராமல் பார்த்துக்கொள்.