முளைப்பயறுக்குக் கீழே

பவுல்சாமி கரண்டியைத் திருப்பிப் பிடித்து, டப்பாவிலிருந்த முளைப்பயறை மெல்லத் தட்டிச் சமன்செய்தார். ஓர் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. அதன் மேல் இன்னும் கொஞ்சம் பயறைப் போட்டு அமுக்கினார்.

"டாடி, நேரமாச்சு!" வாசலிலிருந்து ஜொவிட்டா கத்தினாள்.

"இதோ ஆச்சுடா கண்ணு. மூடியைப் போட்டா முடிஞ்சுது."

மூடி உட்காரவில்லை. அடியிலிருந்த உருளைக்கிழங்கு வறுவல் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாம் அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு சீட்டால் வந்த வினை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இனிமேல் சத்தான உணவுதான் கொண்டுவர வேண்டும்; வறுவல், சிப்ஸ் கூடவே கூடாது. பயறு, கீரை, காய் கொண்டுவந்து டப்பாவைக் காலி செய்தால் டைரியில் ஒரு ஸ்டார். முப்பது ஸ்டார் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் டேயில் கொடி பிடித்து முன்னால் நடக்கலாம். கீழே கையெழுத்து, கிளாஸ் மிஸ் சுப்புலக்ஷ்மி.

மனைவி கிளாடிஸுக்கு ஏக சந்தோஷம். அவள் நர்ஸ். காலை டூட்டிக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். "தினம் ஒரு பயறு ஊறவெச்சிட்டுப் போறேன். நீங்க டப்பால போட்டுக் குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டாள்.

போட்டுத்தான் கொடுத்தார். இரண்டு நாளும் டப்பா போனபடியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் காலை ப்ரேயரில் ஜொவிட்டா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மனசு தாங்கவில்லை. மறுநாள் பயறுக்கு அடியில் நாலே நாலு துண்டு வறுவலை ஒளித்து வைத்தார்.

சாயங்காலம் டப்பா காலி. டைரியில் ஸ்டார்.

"எல்லாம் தீர்ந்துபோச்சா, ஜொவி?"

"சுத்தமா தீர்ந்துபோச்சு, டாடி."

பவுல்சாமி மாதாவுக்கு நன்றி சொன்னார். செய்தது மோசடி என்பதால் சுருக்கமாகச் சொன்னார்.

பெசன்ட் நகர் ரோட்டில் மொபெட் குலுங்கிய குலுங்கலில் ஒருநாள் மேலும் கீழும் கலந்துவிட்டது. அதிலிருந்து நடுவே வாழை இலைத் துண்டு ஒன்றை வைத்து மறைத்தார். அன்றும் ஸ்டார். அடுத்த வாரம் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது: 'அளவு போதவில்லை. கூடுதலாக வைக்கவும்.'

குழந்தை பாவம், பசியோடு இருந்திருக்கிறாள்! பெரிய டப்பா வாங்கினார். வறுவலும் பெரிதாயிற்று.

கிளாடிஸ் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "என்னங்க, வாங்கி நாலு நாள் ஆகல. ரெண்டு கிலோ உருளைக்கிழங்கு எங்க?"

"நான்தான்... ஆசையா இருந்துது... சாப்பிட்டேன்."

"ரெண்டு கிலோவா?"

அப்போதே உட்காரவைத்து பி.பி. பார்த்தாள். பயத்தில் அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அன்றிலிருந்து அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் பாகற்காயும்தான். தினமும் கிலோக்கணக்கில் வறுக்கிற மனுஷனுக்கு ஒரு துண்டு வாயில் போடக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் ஜொவிட்டாவின் கன்னம் உப்பியிருந்தது, எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அதைப் பார்த்துப் பாகற்காயை விழுங்கினார்.

இருபத்தொன்பதாவது ஸ்டார் வந்த அன்று, அதன் பக்கத்திலேயே இன்னொரு குறிப்பு: 'டப்பா விஷயமாகப் பேச வேண்டும். நாளை மதியம் நேரில் வரவும்.'

பவுல்சாமி குறிப்பை இரண்டு தரம் படித்தார். அவமானம் தன்னோடு போனால் பரவாயில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, குழந்தையின் ஸ்டார்களைப் பிய்த்துவிட்டால்? கொடி பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் தினம் நடந்து பார்க்கிறாளே!

மறுநாள் டப்பாவில் கீழிருந்து மேல்வரை பயறு. வாழை இலைகூட இல்லை. தேனாம்பேட்டை ஆபீஸில் பெர்மிஷன் சொல்லிவிட்டு மணியடிக்கும் முன்பே போய் நின்றார்.

சுப்புலக்ஷ்மி மிஸ் ஜொவிட்டாவின் டப்பாவைத் திறந்தார். மேலே பார்த்தார். பிறகு ஸ்பூனை அடிவரைக்கும் விட்டுத் தோண்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மூலை முடுக்கு எல்லாம் தோண்டினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான், மிஸ்."

"அடியில ஒண்ணும் இல்லையா?"

"சத்தியமா இல்லை, மிஸ்."

மிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தினம் யார் சமைக்கிறது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் மிஸ். தப்பு என்னோடது. குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது. அவ ஸ்டாரை மட்டும் எடுத்துடாதீங்க. இனிமே எண்ணெய்ல பொரிச்சது ஒரு துண்டுகூட இந்த டப்பாவுல வராது."

"ஒரு துண்டுகூடவா?" மிஸ்ஸின் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு துண்டுகூட!"

மிஸ் டப்பாவை ஜொவிட்டாவிடம் தந்துவிட்டு, கையிலிருந்த தன் எவர்சில்வர் சம்புடத்தோடு மெல்ல ஸ்டாஃப் ரூமுக்குள் போனார். தன் உறுதி அவரை நெகிழவைத்துவிட்டது என்று பவுல்சாமி நினைத்துக்கொண்டார்.

ஜொவிட்டா பயறை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பவுல்சாமி வாய் பிளந்து நின்றார்.

"பயறு உனக்குப் பிடிக்காதேடா?"

"முன்னாடி பிடிக்காது டாடி. தினம் இதைத்தானே சாப்பிடறேன், பழகிடுச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குழம்பியபடி வராந்தாவுக்கு வந்தார். அங்கே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாம்மா அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா சார் இப்டிப் பண்ட்டே? உன் உருளைக்கெழங்கை நம்பி மிஸ்ஸு இன்னிக்கும் வூட்லேர்ந்து வெறும் தயிர்சோறுதான் எத்துகினு வந்துகீது!"