ஒரு துப்பாக்கி, இரண்டு மதிப்பீடுகள்

பழைய பொருளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்புக் கூடும் என்று உலகத்தில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். வெண்கலப் பாத்திரத்துக்கு இது பொருந்தலாம். நெம்புகோலை இழுத்துச் சுடும், நூறு வயது தாண்டிய துப்பாக்கிக்குப் பொருந்தவே பொருந்தாது. அதன் மேல் இருப்பதற்கு அழுக்கு என்று பெயரில்லை, வரலாறு என்று பெயர். மனித குலம் கண்ட பேரழிவுகள் வெள்ளம், பஞ்சம், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் என்ற வரிசையில் வரும் என்பது அமெரிக்காவின் மொன்டானாவில் வாழும் வர்ஜில் ஹாப்குட்டின் தீர்ந்த முடிவு.

வர்ஜில், அந்த வட்டாரத்துப் பழந்துப்பாக்கிச் சங்கத்தின் மதிப்பீட்டாளர். ஒரு துப்பாக்கியில் அசல் எவ்வளவு மிச்சம் என்பதை முப்பது வருஷமாக அரை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. கல்யாணத்தன்று மணப்பெண் நடீனைப் பார்த்து, "தொண்ணூற்றெட்டு சதவீதம்" என்றவர். மீதி இரண்டு எங்கே போயிற்று என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நடீனுக்கு அவள் மாமா எம்மெட் அப்படிப்பட்ட ஒரு துப்பாக்கியை விட்டுப்போனார். அதைச் சுவரில் மாட்டி, தினம் காபியோடு தரிசனம் செய்வது வர்ஜிலின் வழக்கம். நடீனுக்கோ அடுக்களைக் கூரை ஒழுகிற்று. சூப்புக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை மழையே பார்த்துக்கொண்டது. சங்கத்தின் சனிக்கிழமைக் கண்காட்சியில் துப்பாக்கியை விற்றுவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். சங்கத்து விதிப்படி மதிப்பீட்டாளர் வாயால் சொல்ல, செயலாளர் எழுத, மதிப்பீட்டாளர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் எதுவும் விற்பனை மேஜைக்குப் போகாது. செயலாளர், பக்கத்து வீட்டு லோயிஸ். அவள் எழுதுபலகையோடு வந்து உட்கார்ந்தாள்.

துப்பாக்கி சுவரை விட்டுப் போகாமலிருக்க, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொல்வதென்று வர்ஜில் உறுதி பூண்டார். ஒரு மணி நேரம் டார்ச் அடித்தார், பூதக்கண்ணாடி பிடித்தார், கைவிட்ட டாக்டர் மாதிரி பெருமூச்சு விட்டார். குழலில் நீலப் பூச்சு துளியும் இல்லை, உள்ளே துரு அரித்திருக்கிறது, பிடியின் மரக்கட்டையில் விரிசல், திருகாணிகளை யாரோ கடித்துத் துப்பியிருக்கிறார்கள் என்று சொல்லி முடித்து, கையெழுத்தும் போட்டார்.

நடீன் எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஏப்ரனைக் கட்டினாள். ஒரு கிண்ணம் வினிகரும் ஓர் உருண்டை இரும்பு நாரும் எடுத்துவந்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"விக்கத்தான் லாயக்கில்லைன்னு ஆயிடுச்சே. தொங்குறதாவது பளிச்சுன்னு தொங்கட்டும். குழல்லேர்ந்து ஆரம்பிக்கவா?"

"குழலைத் தொடாதே. எழுபது சதவீதம் ஒரிஜினல் நீலம் இருக்கு அதுல."

"துளியும் இல்லேன்னீங்க?"

"வெளிச்சம் பத்தலை."

"சரி, கட்டையைத் தேய்க்கிறேன். விரிசல்ல எல்லாம் அழுக்கு இருக்கும்."

"விரிசலா? ஒரு கீறல் கிடையாது. தொழிற்சாலையில பூசின வார்னிஷ் அது, நடீன்."

"அப்ப அந்தத் திருகாணிங்களையாவது..."

"அதுங்க மேல இன்னிக்கு வரைக்கும் ஒரு திருப்புளி பட்டதில்லை."

"உள்ளே துருவாச்சே. கம்பியில நாரைச் சுத்தி ஒரு இழுப்பு இழுத்தா போச்சு."

"உள்ளே கண்ணாடி. உன் முகத்தைப் பாத்துக்கலாம்."

நடீன் திரும்பினாள். "லோயிஸ், கண்ணாடி வரைக்கும் எழுதிட்டியா?"

"முகம் வரைக்கும் எழுதிட்டேன்" என்றாள் லோயிஸ்.

இரும்பு நார் குழலுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. "கையெழுத்துப் போடறீங்களா, தேய்க்கட்டுமா?"

வர்ஜில் போட்டார். முதல் கடிதத்தை லோயிஸ் நான்காகக் கிழித்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குள் ஒரு பல் டாக்டர் அதைப் பேரம் பேசாமல் வாங்கிப்போனார். அடுத்த வாரமே கூரைக்கு ஆள் வந்தது. அடுத்த மாதம் சங்கம் கூடியபோது, உள்ளதை உள்ளபடி வெளியே கொண்டுவரும் திறமைக்காக மதிப்பீட்டாளர் பொறுப்பு ஒருமனதாக நடீனுக்குக் கொடுக்கப்பட்டது. வர்ஜில் இப்போது கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்குகிறார்.