குடையின் இரண்டாம் பாதி

ஒரு நாவலைப் பாதி மட்டும் படித்துவிட்டுக் காதலில் இறங்கக் கூடாது. எழுபதுகளின் கடைசியில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பெரிய இலக்கியவாதி நான்தானே! (ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா. எழுதுவது ஒன்று.)

எங்கள் படிப்பகத்துக்குத் தடித்த நாவல் ஒன்று வந்துவிட்டால், முறைக்காகக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. தையலைப் பிரித்து இரண்டாக்கி, காலண்டர் தாளில் அட்டை போட்டு, ஒரே சமயத்தில் இரண்டு பேர் படிப்போம். அந்த முறை முதல் பாதியை முடித்து என்னிடம் கொடுத்தவள் கமலா. மேட்டு வீட்டு வரிசையான மேல் லயத்தில் இருந்த கங்காணியின் மகள். ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"படிச்சிட்டு சொல்லுங்க," என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. ருசி தெரியவில்லை.)

அந்த நாவலின் நாயகன் காதல் என்ற சொல்லை வாயால் சொல்லவே மாட்டான். மழையில் நிற்கும் நாயகியிடம் தன் கறுப்புக் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போவான். அவள் அதைக் காயவைத்துத் திருப்பித் தருவாள். இப்படியே கைமாறிக் கைமாறி, முதல் பாதி முடிவதற்குள் குடை என்றாலே காதல்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கமலாவைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வருகிறார்கள் என்று செய்தி. நான் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். சொல்லவோ வாய் வரவில்லை. ரிங்லெட் டவுனுக்குப் போய்ப் புதுக் கறுப்புக் குடை ஒன்று வாங்கினேன். வருடம் முழுக்க ஊற்றும் எங்கள் மலையில் அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லை! சனிக்கிழமை வரை வானத்தைப் பார்த்துவிட்டு, பளிச்சென்ற வெயிலில், ஆயாக் கொட்டகை வாசலில், மடித்த குடையை அவள் கையில் கொடுத்தேன். வெட்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தேன்.

"இவ்ளோதானா?" என்றாள் பின்னாலிருந்து. குரல் கம்மியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை படிப்பகத்தில் இரண்டாம் பாதி இருந்தது. கமலா அந்த வாரத் தொடக்கத்திலேயே முடித்துத் திருப்பி வைத்திருந்தாள்; வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். பட்டணத்தில் வேலை கிடைத்ததும் அந்தப் பாவி நாயகன் வேறு பெண்ணைக் கட்ட முடிவு செய்கிறான். வெயில் காயும் ஒரு நாளில் நாயகியிடம் வருகிறான். மடித்த குடையை அவள் கையில் கொடுக்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிறான். அதற்குப் பிறகு குடை வரும் பக்கமெல்லாம் அவள் அழுகிறாள்.

புத்தகத்தை அப்படியே போட்டேன். மேட்டில் ஏறி ஓடினேன். சிலிப்பர் ஒன்று காலில் இருந்தது, மற்றது தேயிலைச் செடிக்குள் எங்கோ போய்விட்டது.

கங்காணி வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னா கிராணி, ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையா?" என்றார் கங்காணி.

"நான் ரெண்டாம் பாதி படிக்கலைங்க!" என்று கத்தினேன். "நேத்து குடுத்தது முதல் பாதிக் குடை!"

மாப்பிள்ளை மெல்ல என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். காப்பித் தட்டோடு நின்ற கமலா மட்டும் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்கு இவருதான்ப்பா."

மாப்பிள்ளையின் மாமா கேசரியை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "அது சரி லா, ரெண்டாம் பாதியில என்னாதான் ஆச்சு?"

கங்காணி வெகுநாள் என்னோடு பேசவில்லை. எண்பதுகள் பிறந்த பிறகுதான் மனம் இறங்கிக் கல்யாணம் செய்து வைத்தார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் குடையை மடித்துக் கொடுப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே விரித்துத்தான் கொடுப்போம். போன மாதம் கமலா ஹாலில் விரித்து நீட்டிய குடை, புது மருமகனின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"உள்ளுக்குள்ள ஏன் அத்தை விரிக்கிறீங்க?" என்று பாவம் பயந்துபோய்க் கேட்டான்.

"உங்க மாமா பாதிப் புத்தகம் படிச்சவரு," என்றாள் கமலா. எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்ததும், குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மடிச்ச குடையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அன்னிக்கி ராத்திரி முழுக்க அழுதேன். போதும் லா."

இத்தனை வருடத்தில் அதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை.