நான் பாவம் கழுவப் போன கதை

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். நான் தவறாமல் தூங்குவேன். அவள் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் எதிலும் சேராதவன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். “நீங்களும் ஞானஸ்நானம் வாங்கிக்குங்களேன்” என்று அவள் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. அப்படியிருக்க நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன் என்றால் அதற்குக் காரணம் பக்தி இல்லை. ஒரு பாலம்.

அவளுடைய தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவதாக அவனே வலிய வந்தான். அந்தக் காரில் அவன் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நான் வேகமாகப் போகலாமா என்று யோசித்தாலே அவன் அதை மிதித்துவிடுவான். கூடவே, “கண்ணாடியைப் பாருங்க அத்தான், கண்ணாடியைப் பாருங்க!” என்ற அலறல் வேறு. நாள் முழுக்கக் கண்ணாடி விற்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஒரு நாள் கொட்டுகிற மழையில், நடுப்பாலத்தில், வண்டியை நிறுத்தி “இறங்குடா” என்றேன். இறங்கினான். நான் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் நிறுத்திய பிறகுதான் அது அவனுடைய கார் என்பது நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சண்டை எங்கே கிளம்பினாலும் அந்தப் பாலத்தில் வந்துதான் நிற்கும். குழம்பில் உப்பு அதிகம் என்பேன்.

“உப்புதானே? நடுப்பாலத்துல ஒருத்தனை இறக்கி விடுறதை விடவா அதிகம்?”

துண்டைக் காணோம் என்பேன்.

“என் தம்பிக்கு அன்னிக்குத் துவட்டிக்கத் துண்டே இல்ல. யாராவது கேட்டாங்களா?”

“அதுக்கு இப்ப என்னடி பண்ணணும்?”

“மன்னிச்சுக்கோன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வராது. அவன் என்னைவிடப் பத்து வயசு சின்னவன். கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டுவிட்டு என் பின்னாலேயே சுற்றிய பொடியன். அவனிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பதா? கழுத்தை அறுத்தாலும் நடக்காது.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள், சர்ச்சில் மறைக்கல்வி நடத்துகிற உபதேசியார் தன் கண்ணாடியைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தார். திருகாணியை முறுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா, என்னை மாதிரி வளர்ந்த ஆள் ஞானஸ்நானம் வாங்கினா என்ன கிடைக்கும்?”

“அதுவரைக்கும் செஞ்ச பாவம் அத்தனையும் போயிடும்.”

“அத்தனையுமா? ஒண்ணொண்ணா வாயைத் திறந்து சொல்லணுமா?”

“வேண்டாம். ஃபாதர்கிட்ட வாயால சொல்ற பாவசங்கீர்த்தனம் எல்லாம் அதுக்கப்புறம் செய்யுற பாவத்துக்குத்தான். ஆனா, மனசார வருந்தி...”

‘ஆனா’வுக்குப் பின்னால் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. என் மனம் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. ஆண்டவரே மறந்துவிட்ட விஷயத்தை ஒரு கத்தோலிக்க மனைவி ஞாபகம் வைத்திருக்கலாமா? எப்படி வைத்திருப்பாள், பார்த்துவிடலாம்! கண்ணாடியை இலவசமாகவே சரிசெய்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன். “நான் ஞானஸ்நானம் வாங்கப் போறேன்.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. பழைய மனுஷன் செத்து, புது மனுஷனாப் பொறக்கப் போறேன்.”

“பழசு எல்லாம் போயிடும்னு சொன்னாங்களா?”

“எல்லாமே.”

“பாலமும்?”

“பாலமும்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு “சரி” என்றாள். பாலத்தைப் பற்றிய பேச்சு ‘சரி’யில் முடிந்தது அதுவே முதல்முறை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனது. விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்தேன். கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதிக்கும்போது எழுத்தைப் படிக்கச் சொல்வதற்குப் பதில் “விசுவசிக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டேன். வந்தவர் கண்ணாடி வாங்காமலே போய்விட்டார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். வருந்தவும் செய்தேன், பொதுவாக. குறிப்பாக எதற்கும் வருந்தவில்லை.

கடைசி வாரம் உபதேசியார், “உங்களுக்கு ஞானத்தந்தை யாரு? பக்கத்துல நின்னு தோள்ல கை வைக்கணும். காலத்துக்கும் உங்க விசுவாசத்துக்கு அவர்தான் பொறுப்பு” என்றார். என் எதிர்க்கடைக்காரர், மருந்துக்கடை வைத்திருப்பவர், ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தார். வாயே திறக்காத மனிதர். எனக்கு அப்படி ஒரு தந்தைதான் வேண்டும்.

“அந்த ஏற்பாட்டை எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ஜெபத்தைப் படிங்க” என்றாள் மனைவி. அவளுக்குத்தான் என்மேல் எவ்வளவு அக்கறை!

அந்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பீடத்தின் முன்னால் நின்றேன். சர்ச் நிறைந்த கூட்டம். ஃபாதர், “ஞானத்தந்தை முன்னால் வரவும்” என்றார். தூணுக்குப் பின்னாலிருந்து, புத்தம்புதுச் சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, என் மச்சினன் வந்தான்.

முதல் வரிசையில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் காலரைச் சரிசெய்கிற சாக்கில் காதோரம் சொன்னாள்: “மருந்துக்கடைக்காரர் இன்னும் உறுதிபூசுதல்ங்கற சடங்கை வாங்கலையாம். அது வாங்காதவர் ஞானத்தந்தையா நிக்க முடியாதாம். தம்பி வாங்கியிருக்கான்.”

“இதை இப்பவா சொல்லுவ?”

“முன்னாடியே சொன்னா வந்திருப்பீங்களா?”

ஃபாதர் கேட்டார்: “சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?”

நான் மச்சினனைப் பார்த்தபடியே, “விட்டுவிடுகிறேன்” என்றேன். சர்ச் அதிர்ந்தது. இப்படி ஒரு உறுதியை இதுவரை கேட்டதில்லை என்று உபதேசியார் பிற்பாடு மெச்சினார்.

தோளில் அவன் கை. தலையில் தண்ணீர் மூன்று தரம். பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் உள்ளே ஏதோ லேசாகத்தான் ஆனது. கண்ணில் நீர் வந்தது. தண்ணீரோடு தண்ணீராகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படியே நாலு நிமிஷம் விட்டிருந்தால் நான் நல்லவனாகவே ஆகியிருப்பேன். அதற்குள் அவன் மெழுகுதிரியைக் கொளுத்தி என் கையில் கொடுத்து, நான் கூட்டத்தின் பக்கம் திரும்பும் நேரத்தில் குனிந்து கிசுகிசுத்தான்:

“மெதுவா, அத்தான். ரெண்டு பக்கமும் பாத்துத் திரும்புங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. அவன் வலது கால் முன்னால் நீண்டு தரையை மிதித்தது. பிரேக்! பீடத்தின் முன்னால் எனக்குப் பிரேக் போடுகிறான்! என் செருப்புக்கால் தானாகவே போய் அந்தக் காலின்மேல் இறங்கியது. முழு எடையோடு. அவன் “ஆ...” என்றதைக் கூட்டம் “ஆமென்” என்று எடுத்துக்கொண்டது.

வீட்டில் விருந்து. உபதேசியார் வந்திருந்தார். மச்சினன் காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி வைத்திருந்தான். மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். நான் தயாராகத்தான் போனேன்.

“பாலத்தைப் பத்திப் பேசாதே! அது போயாச்சு! ஃபாதரே கழுவி விட்டாச்சு!”

“நான் பாலத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினேனா? அது போயிடுச்சுங்க. சந்தோஷம். அவன் காலை மிதிச்சீங்களே, அது எப்ப?”

“எப்பன்னா?”

“தண்ணி ஊத்தறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”



“பின்னால” என்றாள் அவளே. “அப்ப அது கழுவின கணக்குல வராது. ஐயா, நான் சொல்றது சரியா?”

ஹாலிலிருந்து உபதேசியார் குரல் கொடுத்தார். “சரிதாம்மா. அது புதுசு. பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாயிட்டு வரட்டும்.”

“தெரிஞ்சேதான் அவனை ஞானத்தந்தையா நிறுத்தினியா?”

“வீடு வந்து சேர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுவீங்கன்னு தெரியும். சர்ச்சுக்குள்ளயே பண்ணுவீங்கன்னு நான் நினைக்கல. போங்க, சாப்பாடு ஆறுது.”

ஹாலுக்குப் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக வராத அந்த வார்த்தை ஒருவழியாக வெளியே வந்தது. “மன்னிச்சுக்கோ.”

மச்சினன் நொண்டிக்கொண்டு எழுந்தான். என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டான்.

“பரவாயில்ல, மகனே” என்றான்.