கண்ணாடி சரியாமல் நிற்கும் வரைக்கும்

நீர்வேலி,
வைகாசி மாதம்.

அன்பு மகள் சாருஜாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கு கீரிமலையான் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். முட்டுக்கொடுத்த வாழைகளும் சோளகக் காற்றுக்குச் சாயாமல் சுகம். உன்னுடைய சுகத்தையும் உன்னுடைய கண்ணாடியின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

ஜேர்மனிக்குப் போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் உன் முகத்தைக் கண்டால் என் வாய் "எப்ப பிள்ளை வாறாய்" என்றுதான் திறக்கிறது. நீயும், "ஆய்வுகூடத்துக் கண்ணாடி சரிஞ்சுகொண்டே இருக்குது அப்பா, ஏனெண்டு பிடிச்சாத்தான் லீவு" என்கிறாய். பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், கண்ணாடி விடவில்லை. சித்திரை வருசத்துக்கு என்றாய், அதற்கும் விடவில்லை. இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு என்கிறாய். பெற்ற பிள்ளையை மூன்று வருடமாக ஒரு கண்ணாடி மறித்து வைத்திருக்கிறது என்றால், அதற்கு என்ன வருத்தம், எங்கே நோகிறது என்று பார்ப்பது தகப்பனுடைய கடமை என்று, விஞ்ஞானப் பரீட்சையை இரண்டாம் தரம் எழுதிச் சாதாரண சித்தி எடுத்த நானும் இறங்கிவிட்டேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். நீண்ட குழாய்க்குள்ளே லேசர் வெளிச்சம் போகிறது, நூலில் தொங்குகிற கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிறது, கண்ணாடி மயிரளவு சரிந்தாலும் வெளிச்சம் இடம்மாறி எல்லாம் நின்றுபோகும். ஆகவே அம்மா பொட்டு வைக்கிற கண்ணாடியைக் கழற்றி, நைலோன் நூலில் கட்டி, விறாந்தைக் கூரை வளையில் தொங்கவிட்டு, மருதனார்மடம் சந்தியில் வாங்கிய சிவப்பு லேசர் ரோச் லைற்றை அதற்கு நேரே கல்லில் வைத்துக் கட்டி, சுவரில் புள்ளி விழுந்த இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டேன். புள்ளி நிற்கவில்லை. நீ செய்வதுபோலவே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஃபானை நிறுத்தினேன், ஆடியது. யன்னலைச் சாத்தினேன், ஆடியது. குசினியில் அம்மா தேங்காய் திருவுகிற அதிர்வுதான் காரணம் என்று கடைசியில் பிடித்து, திருவலையை நிறுத்தச் சொன்னேன்.

"அப்ப ஜேர்மனியிலை ஆரப்பா தேங்காய் திருவுறது?" என்றாள்.

திருவலை நின்றது, புள்ளியும் நின்றது. தேங்காய்ப்பால் இல்லாமல் அன்றைக்குச் சொதியும் நின்றது.

பிறகு புழுக்கம் தாங்காமல் யன்னலைத் திறந்தேனா, சோளகம் வந்து கண்ணாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. சிவப்புப் புள்ளி யன்னலால் வெளியே போய், வேலி கடந்து, பொழுதுபடுகிற நேரம் பக்கத்து வளவுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த சீவரத்தினம் அண்ணையின் வெறும் நெஞ்சில் நின்றது. அண்ணை குனிந்து பார்த்தார். வாளியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றார். யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும், துப்பாக்கிக் குறியென்று கை தானாக உயர்ந்துவிட்டது, கட்டியிருந்த துவாய்தான் கீழே போய்விட்டது. நான் ஓடிப்போய், "அண்ணை, நான்தான். சாருஜாவின்ரை கண்ணாடிக்கு வருத்தம் பாக்கிறன்" என்றேன்.

"விசரா, உன்ரை பெட்டை வாறதுக்கிடையிலை என்னை மேலை அனுப்பிப்போடுவாய் போலை கிடக்குது."

தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்தோம். குடித்து முடித்துவிட்டு அவரும் கேட்டார், "பிள்ளை எப்ப வாறாளாம்?"

போன கிழமை நீ காரணத்தைப் பிடித்துவிட்டதாகச் சொன்னாய். "வெளிச்சந்தான் அப்பா தள்ளுது. நடுவிலை படாமல் கொஞ்சம் விலகிப் பட்டால், அந்தத் தள்ளலே கண்ணாடியைத் திருப்பிவிடுது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் திரும்புது. குறைச்சுத்தான் பாக்கவேணும்." வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நின்று, ஒரு பாத்தி வெள்ளமாகிவிட்டது. வெளிச்சத்துக்குக் கையில்லை, காலில்லை, கோபமுமில்லை. ஆசையாகப் போய்த்தான் படுகிறது. ஆனாலும் தள்ளிவிடுகிறது.

நாங்களும் கிழமைக்குக் கிழமை "எப்ப வாறாய்" என்று உன்மேல் போய்ப் படுகிறோம். முதலில் நீ காரணம் சொன்னாய். பிறகு சிரித்தாய். இப்போது நெட்வேர்க் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். எங்களுக்கு இங்கே நெட்வேர்க் நல்லாகத்தான் இருக்கிறது, பிள்ளை.

ஆகவே இந்த வீட்டிலும் வெளிச்சத்தைக் குறைப்பதாகத் தீர்மானம். இனிமேல் கேட்க மாட்டோம். நீ ஆறுதலாக உன் கண்ணாடியை நிமிர்த்து. நல்லூருக்கு வரமுடியாவிட்டாலும் பரவாயில்லை. உன் அறையை அம்மா நாளுக்கு நாள் கூட்டுவது பழக்கத்தில்தான், அதை ஒன்றும் மனதில் வைக்காதே.

மருதனார்மடத்து ஆஞ்சநேயர் உனக்கும் உன் கண்ணாடிக்கும் பக்கத்துணையாக நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் மேலதிகாரிக்கு என் வணக்கம் சொல்லு.

இப்படிக்கு,
ஒன்றும் கேட்காத
அப்பா

பி.கு.: நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை கட்டுநாயக்கா எயாப்போட்டுக்குப் போகவேண்டும் என்று வாடகை வான்காரன் சுதாகரனுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். என்ன நாள், எத்தனை மணிப் பிளேன் என்று அவன் என்னை அரிக்கிறான். அவனுக்கு ஒரு பதில் அனுப்பிவிடு. கேட்பது அவன்தான், நான் இல்லை. முன்சீற்றில் ஆர் இருந்து போவது என்று எனக்கும் அம்மாவுக்கும் இப்போதே சண்டை.